பாராடாங் முறை

அந்த வரியைப் படித்ததும் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள்.

இயற்பியல் பட்டம் வாங்கி அந்தமானின் ரங்கத் ஊரில் வீட்டோடு இருந்த காலத்தில் அவள் உருப்படியாகச் செய்தது ஒரு எமுலேட்டர்தான். எண்பதுகளின் கம்ப்யூட்டர் ஒன்றைப் போல இன்றைய கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் நிரல். அந்தக் காலத்து விளையாட்டுகள் அதில் அப்படியே ஓடும். எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்ற ஒற்றை நிபந்தனையோடு இணையத்தில் இலவசமாக வைத்திருந்தாள். மெயின்லேண்டுக்காரர் பாலகுமார் அதை அப்படியே அள்ளி, நிரலின் பகுதிகளுக்கு அவள் வைத்திருந்த பெயர்களை அங்கங்கே மாற்றி, தன்னுடையதாக வெளியிட்டுவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர் குழுவில் அவருக்கு ஒரே கைதட்டல். இது என்னுடையது என்று அவள் எழுதியதற்கு, "நான் எப்பவோ எழுதி வச்சது. ஒரே மெஷினுக்கு எழுதினா கோடு ஒரே மாதிரிதான் இருக்கும் தங்கச்சி" என்று பதில் வந்தது. அந்தத் தங்கச்சிதான் அவளை அழவைத்தது.

இப்போது விளக்கக் குறிப்பு வேறு போட்டிருந்தார். திரையில் படம் வரையும்போது பிராசசர் சற்று நின்று காத்திருக்க வேண்டும். அதற்கு உலகப் புகழ்பெற்ற 'பாராடாங் முறை'யைக் கையாண்டிருக்கிறாராம்.

"ஏ மங்கா, என்ன பாகல் மாதிரி தனியா சிரிக்கிற?" என்றான் அண்ணன் குணா. டிரங்க் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவன். இன்று அவனுக்கு ஓய்வு. அவள் காட்டினாள். சோற்றில் கையை வைத்தபடியே படித்தான்.

"அரே! நான் தினம் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஃபெரிக்குக் காத்துக் கெடக்கறேனே, அந்த பாராடாங்கா?"

"அதான் நிரல்ல காத்திருக்கற இடத்துக்கு அந்தப் பேர வச்சேன்."

"அந்தாளு ஏதோ வெள்ளக்காரன் பேருன்னு நெனச்சுட்டான்டி! சாயங்காலம் மீட்டிங்ல கேளு."

"எழுதிப் போட்டுடறேன்ணே."

"எழுதினா மறுபடி தங்கச்சிம்பான். வாயத் தொறந்து பேசு."

குழுவின் கூட்டங்களில் அவள் இதுவரை மைக்கைத் திறந்ததே இல்லை. அன்று சாயங்காலம் திறந்தாள்.

"சார், பாராடாங்ங்கறது யாரு?"

"ஜெர்மன் இன்ஜினியரும்மா. எழுபதுகள்ல பெரிய ஆளு." பாலகுமார் நிறுத்தவில்லை. அந்த இன்ஜினியருக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தார். இரண்டு மாணவர்களையும் கொடுத்தார். அவள் குறுக்கிடவில்லை. இவ்வளவு நிம்மதியாக அவள் யார் பேச்சையும் கேட்டதில்லை.

குழுவை நடத்தும் கார்த்திகா கேட்டார்: "நீங்க ஏதாவது சொல்லணுமா, மங்கையர்க்கரசி?"

"ஒண்ணுமில்ல மேடம். நேத்து எங்க அண்ணன் அவர் மேலதான் பஸ் ஓட்டிட்டுப் போனாரு."

அவளே தொடர்ந்தாள்.

"அந்தமான் மேப்ல பாருங்க. தீவு."

திரையின் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. எல்லோரும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது. மேல் வரிசை ஓரத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாலகுமாரும் தட்டிக்கொண்டிருந்தார்.