நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள்

சனிக்கிழமை காலையில் ரபேலின் கணினி முரண்டு பிடித்தது. இடம் இல்லை என்று ஒரே அறிவிப்பு. மறுநாள் பெர்த்திலிருந்து இளைய மகள் ஜாக்லின் கூப்பிடுவாள். அதற்குள் சரியாக வேண்டுமே என்ற கவலையில் மனிதர் பசியாறக்கூட இல்லை.

மூத்தவள் டொரத்திக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்திலிருக்கும் தெப்ராவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அம்மா போனதிலிருந்து ஒன்பது வருஷமாக அப்பாவோடு இருப்பவள் அவள்தான். போன மாதம் அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது இவர் இப்படிப் பதறவில்லை.

கிளினிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரையனுக்குப் போன் போட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத ஃபைலுங்க இருக்கும்க்கா. மேல வியூன்னு இருக்கும் பாருங்க, அதுல ஹிடன் ஐட்டம்ஸ டிக் பண்ணுங்க. எது பெருசோ அதத் தொறந்து பாருங்க லா."

டிக் செய்ததும் மங்கலான மஞ்சளில் புதுப் புதுக் கோப்புறைகள் முளைத்தன. ஒன்று மட்டும் நூற்றுப்பத்து ஜிபி. உள்ளே வரிசையாக வீடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. முதலாவதை அழுத்தினாள். ஜாக்லின் சிரித்தாள்.

எண்ணினாள். நாற்பத்தொன்று.

இளையவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார், அதுவும் என் கண்ணில் படாமல்! என் பட்டமளிப்புப் போட்டோ எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். ஆனால் அதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"அப்பா! இதையெல்லாம் எனக்குத் தெரியாம எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

ரபேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நான் என்னத்த வச்சேன்?"

"ஜாக்கி பேசினதெல்லாம் பதிவு பண்ணியிருக்கீங்க."

"எனக்கு அதெல்லாம் எங்க மா தெரியும்? கிறிஸ்மஸுக்கு வந்தப்ப அவதான் என்னமோ செட் பண்ணிட்டுப் போனா."

டொரத்தி தேடிப் பார்த்தாள். உண்மைதான். அழைப்புகளைத் தானாகப் பதிவு செய்து மறைவான கோப்புறையில் சேர்க்கும் வசதியைத் தங்கை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்போ பழசெல்லாம் பாக்கலாமா? அலமாக், அழிச்சிடாத மா!" என்று பதறினார்.

வாயை மூடிக்கொண்டு அழித்துத் தொலைத்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடைக்குப் போய் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் அதற்கு மாற்றியதும் கணினியில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஜாக்லின் வழக்கம்போல் பேசினாள்.

ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான். டொரத்தி வேலை முடிந்து வரும்போது தங்கையின் சிரிப்பு கேட் வரை வந்து வரவேற்கும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே ஜாக்லினின் குரல் கேட்டது: "அக்கா எப்படிப்பா?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா." அதே வீடியோவில் அப்பாவின் பதில்.

அப்பா ஒவ்வொன்றிலும் தொடக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீடியோவிலும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்ததிலும் அதுவே. டொரத்தி ஈரச் சட்டையை வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்து வீடியோவை நிறுத்தினாள்.

"நான் நல்லா இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ரபேல் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவகிட்ட ஒரு மணி நேரம் பேசுறீங்க. என்கிட்ட மருந்து எங்க, சோறு ஆச்சா, அவ்வளவுதான். எனக்கு அவ மேல பொறாமையா இருக்குப்பா."

நாற்பத்தேழு வயதில் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னபின் மூச்சு விடுவது கொஞ்சம் எளிதாக இருந்தது.

ரபேல் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. நேத்து கிளினிக்ல என்ன நடந்துச்சு? சொல்லு."

எங்கே தொடங்குவதென்று தெரியாமல், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிய லாரிக்காரரிலிருந்து தொடங்கினாள். அப்பா சத்தமாகச் சிரித்தார். ஜாக்லின் திரையில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தாள். அது டொரத்திக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.