கண்ணாடி தெளிந்த நாள்

குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் மூன்றாம் எண் கண்ணாடிப் பெட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தை மேல்கோடு வரை நிரப்பிவிட்டுச் செவிலி நிமிர்ந்தபோது, வார்டு வாசலில் சக்கர நாற்காலியில் அந்தத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முகம் உப்பியிருந்தது, நெற்றி ஏறியிருந்தது. ஆனாலும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஊசியில் நூல் கோர்ப்பவளைப்போல் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பார்வை மாறவில்லை. காலையில் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் தாயின் பெயரைப் படித்தபோதே செவிலிக்கு அவள் நினைவு வந்தது. ஊரில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஆயிரம் பேரில் இவளேதான் வந்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா!" என்றாள் தையல்காரி. "நேத்து ஆபரேஷனுக்குக் கொண்டு போகும்போதே வேண்டிக்கிட்டேன், அந்த அக்கா மட்டும் இருந்துடணும்னு. இவளையும் நீங்கதான் பார்த்துக்கணும்."

"இருக்கேன்மா," என்றாள் செவிலி.

மூன்றாம் பெட்டியில் இருந்தது பெண் குழந்தை. ஆறரை மாதத்தில் பிறந்தது. எழுநூற்று எண்பது கிராம். இந்த எடையில் வருகிற பிள்ளைகளுக்குத் தோல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஈரத்தாளைப் போர்த்தியதுபோல் இருக்கும். உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரியும். உடம்புத் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்க நமக்குத் தோல் இருக்கிறது. அவர்களுக்குப் பூட்டு இல்லை. சுற்றியிருக்கும் காற்று காய்ந்திருந்தால், அந்தச் சின்ன உடம்பிலிருந்து தண்ணீரை அது எடுத்துக்கொண்டு போய்விடும். சொட்டாது, துணி நனையாது, யார் கண்ணுக்கும் தெரியாது. போகிற தண்ணீர் தனியாகவும் போகாது, உடம்பின் சூட்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதற்காகத்தான் பெட்டிக்குக் கீழே அந்தக் கிண்ணம். அதிலுள்ள தண்ணீர் சூடாகி, ஆவியாகி, உள்ளே காற்றை ஈரமாக வைத்திருக்கும். காற்றின் தாகத்தைக் கிண்ணம் தீர்த்துவிட்டால் அது பிள்ளைமேல் கை வைக்காது.

வார்டில் ஆறு பெட்டிகள். ஆறு கிண்ணங்களையும் செவிலி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பாள், யார் முறையாக இருந்தாலும். வயதில் சின்ன செவிலிகள் அவளுக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். "கடிகாரம் அடிச்சிடுச்சுடி, பாட்டிலை எடு" என்று அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அந்தக் கடிகாரம் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை அவள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு நான்காம் பெட்டி கூவியது, தண்ணீர் குறைகிறதென்று. கூவலை அணைத்துவிட்டுப் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். அதே நேரம் ஆறாம் பெட்டியிலிருந்த பிள்ளை மூச்சை நிறுத்தியது. ஓடினாள். இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தி, குழாய் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, நின்று நின்று போன அந்த மூச்சை இழுத்துப் பிடித்து நிலைநிறுத்துவதற்குள் உலகமே மறந்துபோயிற்று. அந்தப் பிள்ளை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நான்காம் பெட்டியை அவள் திரும்பிப் பார்த்தபோது மணி நாலேகால். கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை. கை நடுங்க நடுங்க நிரப்பினாள். பிறகு பெட்டியின் குறிப்பு அட்டையை எடுத்து, பன்னிரண்டு மணிக்கு நேராக, 'தண்ணீர் நிரப்பப்பட்டது' என்று எழுதினாள். எழுத்து மட்டும் நடுங்கவில்லை. அதுதான் அவளை இன்றுவரை பயமுறுத்துவது.

மறுநாள் காலை, நான்காம் பெட்டியிலிருந்த தையல்காரியின் பையனுக்கு எடை நூறு கிராம் குறைந்திருந்தது. இருந்ததே எழுநூற்றுப் பத்து. ரத்தத்தில் உப்பு ஏறியது. மூன்றாம் நாள் மூளையில் ரத்தம் கசிந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டான். "இவ்வளவு சின்னதுக்கு இதெல்லாம் வர்றதுதான். நம்ம கையில இல்ல," என்றார் டாக்டரம்மா. யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தையல்காரி அவள் தோளில் விழுந்து அழுதாள். செவிலியும் அழுதாள். அதைப் பார்த்து, பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுகிறாளே என்று தையல்காரி அவளையே தேற்றினாள்.

அதன் பிறகு வருடா வருடம் தையல்காரியிடமிருந்து தபாலில் ஒரு பொட்டலம் வரும். சாத்துக்குடி நுழைகிற அளவில் முப்பது நாற்பது குட்டித் தொப்பிகள், மெல்லிய பருத்தித் துணியில், உள்தையல் உறுத்தாமல் திருப்பித் தைத்தவை. 'அங்க இருக்கற பிள்ளைங்களுக்கு' என்று ஒரு துண்டுச்சீட்டு. செவிலி அவற்றைக் கொதிக்க வைத்து உலர்த்தி, பிறக்கிற ஒவ்வொரு தலையிலும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் அந்த மதியம் அவளை விடவில்லை. காய்வது எதையும் அவளால் பார்க்க முடியாது. கணவன் குளித்துவிட்டு வந்தால் சிமெண்டுத் தரையில் பாதம் பதியும். அவள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவாள். முதலில் விரல்கள் போகும், அப்புறம் நடுப்பாதம், கடைசியாகக் குதிகால். அந்தக் கடைசி ஈரம் சுருங்கிச் சுருங்கி ஒரு குழந்தையின் குதிகால் அளவுக்கு வரும்போது அவள் துணியை நனைத்து அதன்மேல் போட்டுவிடுவாள். கணவன் பெயிண்டர். "சுவர் காய்ஞ்சாத்தான்டி எனக்குப் பொழப்பு. நீ பாட்டுக்கு எதுவுமே காயக்கூடாதுன்னு நிக்கிற," என்பான். சில நாள் அவளுக்குக் காதில் ஒன்று கேட்கும். பெட்டியின் கூவல் இல்லை. கூவலை அணைத்ததும் விழுமே ஓர் அமைதி, அது.

தையல்காரி வந்த அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "மூணாம் பெட்டிய வேற யாருக்காவது மாத்திக் குடுங்கம்மா."

"யாருக்கு மாத்தறது? ரெண்டு பேரு லீவு. அந்தப் பொண்ணு வேற உன்னைத்தான் கேக்குது." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நல்ல பேரு எடுத்துட்டு இப்ப ஓடப் பார்த்தா எப்படி?"

மறுநாள் மதியம் தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தே வந்துவிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள் செவிலி. மணி இரண்டு. பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினாள்.

"அப்பவும் பார்த்திருக்கேன். கேக்கணும்னு நினைப்பேன், பயமா இருக்கும். இந்தத் தண்ணி எதுக்குக்கா?"

செவிலி சொன்னாள். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நூறு தடவை சொன்னதுதான். தோலைப் பற்றி, காற்றைப் பற்றி, கண்ணுக்குத் தெரியாமல் போகும் தண்ணீரைப் பற்றி. தன் குரல் எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோல் அவளுக்கே கேட்டது. தையல்காரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"புரியுதுக்கா. இஸ்திரி போடற துணிக்குத் தண்ணி தெளிச்சுச் சுருட்டி, ஈரத்துணியால மூடி வெச்சா அப்படியே பதமா இருக்கும். திறந்து போட்டா கொஞ்ச நேரத்துல விறைச்சுப் போயிடும்." பெட்டியின் மேல் குனிந்தாள். உட்புறமெல்லாம் வேர்த்து, துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சிவப்பாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். "அதான் இவ்வளவு புகையா இருக்கு. இவ யாரு சாயல்னே தெரிய மாட்டேங்குது. அவனும் இப்படித்தான் மறைஞ்சுக்கிட்டே இருந்தான்."

செவிலி பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"ஒரே ஒரு நாள்தான் அவன் முகத்தை முழுசாப் பார்த்தேன்," என்றாள் தையல்காரி. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு படர்ந்தது. "ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும். வந்து நிக்கிறேன், கண்ணாடி அப்படியே பளிச்சுன்னு இருக்கு. மூக்கு, உதடு, புருவம், எல்லாம் வரைஞ்சு வெச்ச மாதிரி. வலது காது ஓரமா மடிஞ்சிருந்துச்சு, எங்கப்பாவுக்கு இருக்கற மாதிரியே. நீங்க அங்க வேற பிள்ளைகிட்ட நின்னுட்டு இருந்தீங்க. அவ்வளவு வேலையிலயும் எனக்காகத் துடைச்சு வெச்சிருக்கீங்களேன்னு நினைச்சேன். போகும்போது உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அந்த முகத்தை வெச்சுக்கிட்டுத்தான்கா இந்த ஆறு வருஷத்தை ஓட்டினேன்."

கையைப் பிடித்தது செவிலிக்கு ஞாபகம் இருந்தது. எதற்கென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இப்போதும் தெரியாததுபோல் தலையாட்டிவிடலாம். ஆமாம்மா, உனக்காகத்தான் துடைச்சேன் என்று ஒரு வார்த்தை போதும். அது வாய்வரை வந்தும் விட்டது. பன்னிரண்டு மணிக்கு நேராக எழுதிய கை எப்படி நடுங்காமல் எழுதியதோ, இந்த வார்த்தையும் அப்படித்தான் நடுங்காமல் வந்திருந்தது. அதை உணர்ந்ததும் அவள் அதை வாயிலேயே நிறுத்தினாள்.

"நான் துடைக்கலம்மா."

"அப்புறம் யாரு?"

"யாருமே துடைக்கல. கிண்ணத்துல தண்ணி தீர்ந்து போயிருந்துச்சு. கூவுச்சு, நான் அணைச்சேன். அப்புறம் ஊத்த மறந்துட்டேன். நாலு மணி நேரம்."

தையல்காரியின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோனதுபோல் இருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்பு தானே சொன்ன துணியைப் பற்றி அவள் நினைக்கிறாள் என்பது செவிலிக்குத் தெரிந்தது.

"அதனாலதானா?"

"தெரியல. அதனாலயும் இருக்கலாம். அப்படியும் இப்படியும் போகற வயசுதான் அது. ஆனா டாக்டர்கிட்ட நான் சொல்லவே இல்ல. ஊத்திட்டேன்னு எழுதி வெச்சுட்டேன்."

தையல்காரி திட்டுவாள், கத்துவாள், பெட்டியைத் தொடாதே என்பாள் என்று செவிலி காத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக எதிர்பார்த்திருந்த அடி அது. விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"என்கிட்ட அவனோடதுன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான்," என்றாள் தையல்காரி. குரல் உயரவில்லை. "அதையும் வாங்கிட்டீங்களே."

முக்காலியைப் பிடித்து எழுந்தாள். செவிலி கை நீட்டினாள். அதைப் பிடிக்காமல், சுவரைத் தொட்டுத் தொட்டு, வந்த வழியே போனாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று யாரோ எங்கோ சொல்லி அவள் நம்பியிருந்தாள். இறங்கவில்லை. தன்னுடையதை இறக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைத்ததுபோல் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம் எல்லாவற்றையும், டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுக்கப்போவதையும் சொன்னாள். அவன் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

"எழுதிக் குடுத்தா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சரி," என்றான். உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்து, பழைய தாளில் கிறுக்கி, எழுதுகிறதா என்று பார்த்து, அவளிடம் நீட்டினான்.

காலையில் டாக்டரம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதை நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்புங்கம்மா."

"விசாரணைன்னு வர்றதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் மூணாம் பெட்டிய யாரு பார்க்கறது?" கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு எழுந்து, தாய்மார் வார்டுக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் செவிலியின் முகத்தைப் பார்க்காமல், "முழுசும் கேட்டுக்கிட்டா. அழல. 'அவங்களே வரட்டும்'னு மட்டும் சொன்னா," என்றார்.

தையல்காரி செவிலிக்கு முன்னாலேயே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 'அக்கா' என்று கூப்பிடவில்லை. செவிலி குழந்தையின் எடையைப் பார்த்தாள். எழுநூற்று அறுபது. "ரெண்டு நாளுக்கு இருபதுதான் குறைஞ்சிருக்கு. நல்லது," என்று பொதுவாகக் காற்றில் சொன்னாள். அட்டையில் எழுதினாள். பேனாவை வைத்ததும் தையல்காரி அட்டையை வாங்கி, எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டுவதுபோல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மணி பத்து. பாட்டிலை எடுத்துக்கொண்டு செவிலி கிண்ணத்தின் முன் குந்தினாள்.

"இருங்க," என்றாள் தையல்காரி.

தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அவளும் தரையில் மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். கிண்ணத்தின் பக்கவாட்டில் இருந்த மேல்கோட்டைத் தேடி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தாள்.

"இப்ப ஊத்துங்க."

செவிலி ஊற்றினாள். பாட்டிலின் கழுத்தில் தண்ணீர் முட்டி முட்டி இறங்கியது. இரண்டு தலைகளும் ஏறக்குறைய இடித்துக்கொள்ளும் அளவுக்குக் குனிந்திருந்தன. ஒருத்தியின் மூச்சு இன்னொருத்தியின் கன்னத்தில் பட்டது. தண்ணீர் ஏறி, விரலுக்கு நேராக வந்து, லேசாக ஆடி, நின்றது. பாட்டிலை நிமிர்த்திக்கொண்டு செவிலி காத்திருந்தாள். மேலே பெட்டிக்குள் ஏதோ உதைத்துக்கொள்ளும் சத்தம், துணி உரசுவதைப்போல, கேட்டது. தையல்காரி அசையவில்லை. விரலின் அழுத்தத்தில் அதன் நுனி வெளுத்திருந்தது. கோட்டின் மேலிருந்து அதை அவள் எடுக்கவேயில்லை.