அம்மணி என்ன சொல்வாள்

கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் வீடியோக்காரர். ட்ரோன் வேண்டுமானால் தனிக்கணக்கு.

"ட்ரோன் எதுக்குங்க? அவுரு மேல போறதயும் படம் புடிப்பீங்களா?" என்றாள் சின்னாத்தாள்.

கேட்டது குளிர்ப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த, செத்தவரின் பெண்டாட்டி என்பதால் கூடத்தில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. மருமகள் லோகப்பிரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அவள் அழுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

கனடாவில் இருக்கும் மூத்தவன் மதன்குமாருக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை. பெங்களூர், மஸ்கட் என்று வரமுடியாத சொந்தமும் நிறைய. எல்லோரும் பார்க்கிற மாதிரி நேரலையில் காட்டச் சொல்லி மதன் அழுதிருந்தான். வீடியோக்காரர் ஆறாயிரத்துக்கு இறங்கினார். "மூணு. அதுக்கு மேல ஆகாதுங்க," என்றாள் சின்னாத்தாள். முப்பது வருசம் பம்ப்செட் சாமான் கடையின் கல்லாவில் உட்கார்ந்தவள். புருசன் செத்த மறுநாள் என்பதற்காகச் சொன்ன விலைக்கு வாங்கிவிடுவாளா? வீடியோக்காரர் கேமரா ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"போன்லயே காட்டிப்போடலாம் லோகு. எந்தப் போனு சும்மா இருக்குது?"

இளையவன் அருண்குமாரின் போன் ஊரெல்லாம் கேதம் சொல்லிச் சொல்லியே சூடேறிக் கிடந்தது. லோகப்பிரியாவின் போனில் ஐஸ் பெட்டிக்காரரும் பந்தல்காரரும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வேலையில்லாமல் கிடந்தது ஒரே போன்தான். செத்துப்போன பாலுசாமியுடையது. லோகப்பிரியா அதை ஸ்டூலில் ஒரு சொம்புக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, நேரலையை அமுக்கி, லிங்கைக் கனடாவுக்கு அனுப்பினாள். ஏழாயிரத்து ஐந்நூறு மிச்சம்.

மாமனாரை முதலில் பார்த்ததும் அவள்தான். நேற்றுச் சாயங்காலம் காப்பியோடு மாடியறைக்குப் போனபோது, காதில் ஹெட்போன் மாட்டியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். டம்ளரை மேசையில் வைத்து, "ஆறிப்போயிருமுங்க மாமா," என்று சொல்லிவிட்டுத் திரும்பியும் விட்டாள். பாதிப்படி இறங்கிய பிறகுதான் என்னவோ உறைத்தது. அந்தப் பாதிப்படியில் இன்னும் நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது அவளுக்கு.

அந்த வீட்டுக்கு அவள் மருமகள் மட்டுமல்ல, தபாலாபீசும்கூட. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் பாலுசாமி கடையை அருண்குமார் பேருக்கு எழுதிக்கொடுத்த நாளிலிருந்து அவர்களுக்குள் நேர்ப்பேச்சு இல்லை. மூன்று வருடம். "லோகு, உங்க மாமனாருக்கு ரசம் வேணுமான்னு கேளு." "லோகு, உங்க அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்லு." இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரசச் சட்டிதான் இருக்கும். தபால் அதைச் சுற்றிப் போய்வரும்.

மத்தியானமானால் அவர் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். துணி காயப்போடப் போன சின்னாத்தாள் ஒருநாள் ஈரத்துணியோடே இறங்கி வந்தாள்.

"உள்ள எவளோ பேசறா. இவுரு சிரிக்கறாரு."

"டிவியா இருக்குமுங்க அத்தை."

"டிவிக்காரி நிறுத்தி நிறுத்தித் திட்டுவாளா? இவுரு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் வீட்டில் துணி காயப்போடும் நேரம் மட்டும் நிரந்தரமாக மத்தியானத்துக்கு மாறிவிட்டது.

நேரலை ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். அருண்குமாரின் போனில் கனடா கத்தியது.

"டேய் அருணு, யார்ரா இவனுக? அப்பாவப் பாத்து 'செம சீன்'னு போடறானுக!"

லோகப்பிரியா ஸ்டூலுக்கு ஓடினாள். திரையில் குளிர்ப்பெட்டியின் கண்ணாடி. மேலே பனி படர்ந்து முகம் மங்குகிறது. யாரோ ஒரு கை வந்து துடைக்கிறது. முகம் தெரிகிறது. மறுபடி மங்குகிறது. அதற்குக் கீழே வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறின.

'நாலு மாசம் கழிச்சாச்சும் வந்தீங்களே அய்யா!'

'இது எந்தக் கிரகம்?'

'பொட்டிக்குள்ள இருக்கறவரு அம்மணியோட அப்பாவா?'

'பனியத் தொடைக்கற எடத்துல புல்லரிச்சிருச்சு.'

'பொம்மை முன்ன மாதிரி இல்ல. ரொம்ப நெசமா இருக்கு.'

'யாராச்சும் பேசுங்களேன். பயமா இருக்கு.'

சிவப்பு இதயங்கள் பாலுசாமியின் மார்பிலிருந்து கிளம்பி மேலே பறந்தன.

மாமனாருக்கு ஒரு சேனல் இருந்திருக்கிறது. நேரலை அதிலிருந்து போயிருக்கிறது. விரலைத் தள்ளிப் பார்த்தாள். ஏதோ வெளிநாட்டுப் பழைய பொம்மைப் படம், ஐந்தைந்து நிமிடமாக நறுக்கி, வரிசையாக. நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வரி எழுதினாள். 'இது படம் இல்லீங்க. அவர் தவறிட்டார்.'

ஏறிக்கொண்டிருந்த வரிகள் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் கண்ணாடி மட்டும் மங்கியது, தெளிந்தது. பிறகு யாரோ ஒருவர் கேட்டார்.

'அப்ப அம்மணி?'

லோகப்பிரியா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தையிடம் சொல்லவில்லை. தபாலாபீசில் முதன்முறையாக ஒரு தபால் தங்கிப்போனது.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ரோஜா மாலை, கக்கத்தில் மஞ்சள்பை. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தவள், கண்ணாடியில் கை வைத்து, "அய்யா, இப்படிப் பாதியில உட்டுட்டுப் போயிட்டீங்களே," என்று ஓவென்று அழுதாள்.

சொந்தத்தில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு சின்னாத்தாளைப் பார்த்தார்கள். பாதியில் என்றால் எதன் பாதியில்? மூன்று வருடத்து மத்தியானங்கள் அத்தனையும் அத்தையின் முகத்தில் வந்து நின்றதை லோகப்பிரியா கண்டாள்.

சின்னாத்தாள் நிதானமாக, கடைக்கு வந்தவளிடம் சொல்வது போலச் சொன்னாள். "வந்தது வந்தீங்க. நின்னுட்டே அழுதா கால் வலிக்குமுங்க. உக்காந்து அழுகுங்க."

அழுகை பட்டென்று நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள் வந்தவள்.

"என்னத்த?"

"வந்தது வந்தீங்கன்னு சொன்னீங்களே." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சின்னாத்தாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானுங்களா அம்மணி? ஆத்தாடி, நீங்க நெசமாலுமே இருக்கறீங்களா?"

"நான் இருக்கறது இருக்கட்டும். நீங்க யாருங்க? இவுருக்கு என்ன வேணும்?"

"ராசம்மாளுங்க. மேட்டுப்பாளையம் மண்டில கெழங்கு தரம் பிரிக்கறேன். அய்யாவ நான் பாத்ததே இல்லீங்க. பொட்டி மேல வாடகைக்காரரு நம்பர் தெரிஞ்சுது, அவருக்குப் போன் போட்டு ஊடு கேட்டுட்டு பஸ் ஏறுனேன்."

"பாக்காத ஆளுக்கா இந்த அழுகை?"

ராசம்மாள் தன் போனை எடுத்து ஒரு பகுதியை ஓடவிட்டாள்.

சிவந்த வானம். அதன் கீழே மலையளவு ஒரு பெண் படுத்திருந்தாள். கையால் வரைந்த படம், விட்டுவிட்டு அசைந்தது. அவள் தலைமுடிக்குள் எறும்பளவு மனிதர்கள் வயல் போட்டிருந்தார்கள். வானத்தில் இரண்டு நிலா, இமை மூடித் திறந்தன. ஒரு குட்டி மனிதன் குடத்தோடு அவள் நெற்றியில் ஏறித் தண்ணீர் கேட்டான். குரல் பாலுசாமியுடையது. மலைப்பெண் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வந்தது வந்தீங்க, செருப்பக் கழட்டிட்டு ஏறக்கூடாதுங்களா? தண்ணியெல்லாம் ஒரே வெலைதானுங்க. பேரம் பேசற மலை எதுக்கால இருக்குது, அங்க போய்க்குங்க."

அதுவும் பாலுசாமிதான், குரலை மெல்லிதாக்கி, கடைசி எழுத்தை இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி. பங்காளி வீட்டுக் கிழவி ஒருத்தி சின்னாத்தாளின் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். அங்கேயும் வாய் மூடித் துணியால் கட்டியிருந்தது. கிழவி நகர்ந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இப்படியா இழுத்துப் பேசறேன்?" என்றாள் சின்னாத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இழுப்பீங்க," என்றாள் ராசம்மாள். "மொதல்ல பாத்தப்ப இதென்ன கருமம், கண்ணு முழிக்கற நிலாவுன்னு மூணு நாள் தூக்கமே இல்லீங்க. அம்மணி திட்டுனாத்தான் பயம் போகும். மண்டில நாப்பது பேரு, கெழங்கு பிரிக்கறப்ப அம்மணியப் போட்டுட்டுத்தான் வேலை. கடைசிப் பகுதி மட்டும் வரலீங்க. குட்டியான் அம்மணி காதுக்கு ஏறிட்டான், அம்மணி என்ன சொல்லுவான்னு எல்லாருந்தான் கேட்டோம். எல்லாத்துக்கும் அய்யா ஒரே பதிலுதான் போட்டாரு."

"என்னன்னு?"

"'அவளக் கேட்டுச் சொல்றேனுங்க'ன்னு."

பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது.

"கேட்டாருங்களா?" என்றாள் ராசம்மாள்.

சின்னாத்தாள் முந்தானையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். பனி இப்போது உள்பக்கம் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமல் சொன்னாள்: "லோகு, அவங்களுக்குக் காப்பி குடு. வெயில்ல வந்திருக்கறாங்க."

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீடு கழுவிவிட்டுத் தலைக்குக் குளித்து வந்த லோகப்பிரியாவிடம், ஈரத்தலையோடு நின்ற சின்னாத்தாள் கை நீட்டினாள்.

"அவரு போனக் குடு."

"அத்தை..."

"காலைல இருந்து இடுப்புல வெச்சுட்டுத் திரியற. குடு."

கடைசிப் பகுதி அதிலேயே இருந்தது. யார் கண்ணுக்கும் காட்டாமல் ஏற்றி வைத்திருந்தார், பார்வை ஒன்றுகூட இல்லை. இருவரும் மாடியறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். குட்டி மனிதன் மலைப்பெண்ணின் காதுமடலில் மூச்சிரைக்க வந்து நிற்கிறான். இரண்டு நிலாவும் அவனையே பார்க்கின்றன.

"ஏனுங்க அம்மணி," என்கிறது பாலுசாமியின் குரல். "தப்பு என்மேலதானுங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்களா?"

மலைப்பெண் இரண்டு கண்களையும் திறக்கிறாள். வாய் திறக்கிறது. உதடுகள் அசைகின்றன, நெடுநேரம். சத்தமே இல்லை. அந்த இடத்தை அவர் காலியாகவே விட்டிருந்தார். வாய் மூடிக்கொள்கிறது.

"சரிங்க," என்கிறது குரல். "நான் இங்கியே உக்காந்திருக்கறேன்."

கீழே ஆண்கள் திரும்பி வந்த சத்தம் கேட்டது. லோகப்பிரியா எழுந்தாள்.

"மறுக்காப் போடறது எப்படின்னு காட்டிப்போட்டுப் போ," என்றாள் சின்னாத்தாள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, விளக்குப் பார்க்க வைத்து, சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு லோகப்பிரியா மேலே வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமனார் பேசிக்கொண்டிருந்தார். ஏனுங்க அம்மணி. பிறகு அந்தக் காலியிடம் வந்தது. லோகப்பிரியா கதவில் காது வைத்தாள். சரிங்க, என்றது குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவள் கதவைத் தட்டாமல் இறங்கிவிட்டாள்.

இருட்டுவதற்கு முன் சின்னாத்தாளே இறங்கி வந்தாள். போனை மருமகள் கையில் வைத்தாள்.

"சார்ஜ் போடு. தீரப்போகுது."

திரை இன்னும் அணையவில்லை. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் கணக்கு இருந்தது. பார்வைகள் பதினொன்று. கருத்துகள் ஏதுமில்லை.