இனாமாக வந்த காற்று

உரிம அலுவலகக் கூடத்தின் ஒரே மின்விசிறி நின்று ஐந்து மாதமாகிறது. கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதிக் களைத்துவிட்டார். பதிலுக்கு விசிறியின் வயதைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. அவர் வயது ஐம்பத்தொன்பது. அதை யாரும் கேட்கவில்லை.

அன்று வரிசையில் நின்ற எலக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார். தன் பையிலிருந்த புதுக் கண்டென்சரை மாட்டினார். பத்தே நிமிஷம், விசிறி சுற்றியது. தேநீர் குடித்துவிட்டு வந்த கண்காணிப்பாளர் காற்று மேலே பட்டதும் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"நான்தான் சார். காசெல்லாம் வேணாம். ஜனங்க வேகுறாங்களே."

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"லைசென்சுக்கு. ஃபைல் உங்க மேஜையிலதான் இருக்கு. நாளைக்குக் காலையில லைசென்சைக் காட்டலேன்னா ஆஸ்பத்திரி ஒயரிங் வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

கண்காணிப்பாளர் நாற்காலியில் சரிந்தார். "மனு போட்டவர்கிட்ட பொருளோ உழைப்போ இனாமா வாங்கிட்டா, அந்த மனுவை நாங்க தொடக் கூடாது. வேற ஆபீசுக்கு அனுப்பணும். அங்க ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப பில்லு தர்றேன்."

"மூணு பேர்கிட்ட விலை கேக்காம செஞ்ச வேலைக்குப் பில்லு செல்லாதுப்பா."

"தப்பு பண்றவன் மேஜைக்கு அடியில கொடுப்பான். நான் கூரையில தொங்கவிட்டா கொடுப்பேன்?"

பக்கத்து மேஜை அம்மா குரலைத் தாழ்த்தினார். "யாரு சார் பார்த்தா?"

"அறுபது பேரு பார்த்தாங்கம்மா."

ஒரு வழி இருந்தது. வந்ததை அன்றே, வந்தபடியே திருப்பிவிட்டால் வாங்கியதாக ஆகாது என்றார் கண்காணிப்பாளர்.

"கண்டென்சரைத் திருப்பிடலாம். ஏறி இறங்குன உழைப்பை எப்படி சார் திருப்புவீங்க?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அதையும் நீங்களே எடுத்துக்கணும். ஏறிக் கழட்டுங்க."

"சாயங்காலம் வரைக்குமாவது சுத்தட்டுமே. நாலு மணி? சரி, மூணு?"

"முத்திரை போடுறவர் ரெண்டு மணிக்குக் கிளம்பிடுவாரு."

எலக்ட்ரீஷியன் ஏறினார். "தன் காரியம் முடியணும்னு நம்மள அவிக்கிறான் பாரு," என்றது வரிசையில் ஒரு குரல். விசிறி மெல்ல மெல்ல நின்றது. திருப்பிக் கொடுத்ததாக ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த கையெழுத்து உரிமத்தில் விழுந்தது, முத்திரையும் ஏறியது.

உரிமத்தைப் பையில் வைத்த எலக்ட்ரீஷியன் நகரவில்லை. "சார், இப்ப நான் மனு போட்டவன் இல்லையே. மாட்டிட்டுப் போகவா?"

கண்காணிப்பாளருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "கையெழுத்து ஆன சூட்டோட மாட்டுனா அதுக்கு வேற பேரு. ஒரு வருஷம் போகணும்."

"அப்ப அடுத்த வருஷம் வர்றேன்."

"வாங்க. நான் இருக்க மாட்டேன். எட்டு மாசத்துல ஓய்வு."

எலக்ட்ரீஷியன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். அடுத்து வந்த பெண் நீட்டிய மனு, அவள் கை வியர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் பரவியிருந்தது. புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். நின்ற விசிறியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளர் அதைச் சொன்னார்.