வேப்பிலைக்குள்ள கற்பூரவல்லி

தாயே, கோச்சுக்காத. மெதுவாத்தான் பேசறேன். எங்கம்மா இப்பத்தான் கண்ணு அசந்துச்சி.

நான் முத்தம்மா. எந்தம்பி ஒடம்புல நீ எறங்கி கீறன்னு சொல்றாங்க. மணல்வாரி அம்ம போட்டு கீது அவனுக்கு. மூஞ்சி, முதுகெல்லாம் மண்ண வாரி எறச்ச மாதிரி. அன்னிலேர்ந்து யாரும் அவனப் பேர் சொல்லிக் கூப்புடறதில்ல. எங்கம்மாவே அவனப் பாத்து, "தாயே, கூழு குடிக்கிறியா?"ன்னுதான் கேக்குது. அஞ்சு வயசுப் பையன், திருதிருன்னு முழிக்கிறான். மொத நாளு, "நான் தாயி இல்ல, மண்ணாங்கட்டி"ன்னு அவன் பேர சொல்லி அழுதான். எங்கம்மா படபடன்னு கன்னத்துல போட்டுக்கிச்சி. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. அதுக்கும் சேத்து மன்னிச்சிக்க.

இப்ப சிரிப்பு வரல.

தடிப்பெல்லாம் அடங்கிப்போச்சி. ஆனா சளி நெஞ்சுல போய் குந்திக்கிச்சி. மூச்சு இஸ்துக்க சொல்லோ விலாவுக்கு நடுவுல குழி விழுது. ஈர மணல்ல கட்டுமரத்த இஸ்துக்கினு போவாங்களே, அந்த சத்தம். மத்தியானம் வரைக்கும் இருமிக்கினு இருந்தான். இப்ப இருமக்கூட தெம்பு இல்ல. அதான் எனக்கு பயமா கீது.

செவ்வாக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்தி உன்ன அனுப்பிட்டு, அப்பால மருந்து பாக்கலாம்னு எங்கம்மா சொல்லுது. நீ ஊட்டுல கீறவரைக்கும் மருந்து ஆவாதாம். இன்னிக்கி ஞாயித்துக்கெழம. மாதாகோயில் மணி அடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது. செவ்வாக்கெழம வரைக்கும் இவன் தாங்குவானா?

எங்கம்மாவுக்கு நெஞ்சு கல்லுன்னு நெனைக்காத. எங்கக்கா செங்கேணி ஒடம்புல நீ எறங்கினது ஞாபகம் கீதா? அப்ப எங்கம்மாதான் மனசு கேக்காம மயிலாப்பூருக்கு ஓடிப்போய் ஒரு வைத்தியர் கால்ல வுழுந்து கஷாயம் வாங்கிக்கினு வந்துச்சி. குடிச்ச ராத்திரியே அக்கா பூட்டா. மருந்தால பூட்டாளா, நீ கோச்சுக்கினியா, இல்ல மருந்து லேட்டா வந்துச்சா, எனக்குத் தெரில. எங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். "என் கையாலதாண்டி குடுத்தேன்"னு கைய கைய பாத்துக்கும். அதுக்கு அப்பறம் பொறந்தவன்தான் இவன். உனக்கு வாணாத பொருளுன்னு நீ வுட்டுட்டுப் போவணும்னுதான் மண்ணாங்கட்டின்னு பேரு வச்சாங்க.

நீ கீறதால நைனா கூட ஊட்டுக்குள்ள வர்றதில்ல. கரையிலயே படுத்துக்கினு கீது. தெனம் காலீல வந்து வாசல்ல கட்டின வேப்பிலைக்கு அப்பால நின்னுக்கினு, "கொயந்த எப்டி கீது?"ன்னு கேட்டுட்டு பூடும்.

பொழுது சாய சொல்லோ நான் வேலிகிட்ட தண்ணி எடுக்கப் போனேன். பின்னாடி ஊட்டு அமீனாக்கா நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க ஊட்டுக்காரரு கரீமுல்லா, பாத்திரத்துக்கு ஈயம் பூசறவரு. வேலியோரமா ஒடஞ்ச மண்ணெண்ணெ டின்னுல கற்பூரவல்லி வச்சிகீறாங்க, உனக்குத் தெரியும். இல, பூன காது மாதிரி தடிமனா, புசுபுசுன்னு இருக்கும். நோம்பு தொறக்க சொல்லோ அதுல பஜ்ஜி போட்டா மண்ணாங்கட்டிக்கு ரெண்டு தனியா வச்சிருப்பாங்க.

"இன்னாடி முத்து, கொயந்த சத்தமே கேக்கல?"

எனக்கு அழுவ வந்துடுச்சி.

"நெஞ்சு கட்டிக்கிச்சா? உங்கம்மா இன்னா சொல்லுது?"

"தண்ணி ஊத்தறவரைக்கும் ஆவாதாம்."

அவங்க டின்னுகிட்ட குனிஞ்சி பெரிய இலையா பாத்து கிள்ளுனாங்க. "எங்கூட்டு மனுசனுக்கு சளி புடிச்சா இதான். சாறு குடுத்தா கசக்குதுன்னு தூன்னு துப்பும். கறிக்கொழம்புல கிள்ளிப் போட்டா மட்டும் தட்ட வயிச்சி எடுக்கும். நெருப்புல காட்டு, கருக வுடாத, வதங்கினா போதும். கையாலயே புழி. நாலு சொட்டு."

"அக்கா, தாயி கோச்சுக்கும்."

"எனக்கு உங்க தாயிய தெரியாதுடி. கொயந்தைய தெரியும். குடுக்கறதும் வுடறதும் உன் இஷ்டம்."

அந்த இலைய மடியில கட்டிக்கினு வந்து, இவன் தலமாட்டுல கீற வேப்பிலைக்குள்ள சொருவி வச்சேன். வாசன அடங்குமா? எங்கம்மா உள்ள வந்ததும் மூக்க ஒறிஞ்சிச்சி.

"இன்னாடி வாசன? பின்னாடி ஊட்டுல தாளிக்கிறாளா? தாயி இருக்கற எடத்துல வாசன ஆவாதுன்னு தெரியாதா அவளுக்கு? போய் சொல்லுடி."

நான் போவல. எனக்குத் தெரியும், தாயே. நீ எங்கூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அமீனாக்கா ஊட்டுல தாளிக்கல. யாரும் போய் சொல்லல, அவங்களாத்தான். "நோயாளி நானா அவனா?"ன்னு கரீமுல்லா மாமா தெனம் கத்தறாரு, வேலி தாண்டி கேக்குது. உன்னத் தெரியாதுன்னு சொல்றவங்க உனக்காவ வெறும் கஞ்சி குடிச்சிக்கினு கீறாங்க. அத்த பாத்தியா நீ?

இதான் நான் சொல்ல வந்தது.

சாயங்காலத்துலேர்ந்து யோசிச்சிக்கினே கீறேன். இவன் ஒடம்புல நீ கீற. அப்ப இவன் நெஞ்சு உன் நெஞ்சுதானே? இவனுக்கு மூச்சு முட்டுதுன்னா உனக்கும் முட்டுது. கூழு குடுத்தா உனக்குன்னு சொல்றாங்க, எளநி குடுத்தா உனக்குன்னு சொல்றாங்க. இந்தச் சாறு மட்டும் எப்டி இவனுக்குன்னு ஆவும்? அதுவும் உனக்குத்தான். வேப்பிலை உன் இலன்னா இதுவும் மண்ணுல மொளைச்ச இலதானே?

தப்பா பேசறேனா? அக்காவுக்கு அம்மா குடுத்த மாதிரி நான் குடுத்து, காலீல இவனும்... அப்ப என் கையையும் நான் அப்டித்தான் பாத்துக்கினு இருப்பேன். ஆனா குடுக்காம வுட்டு இவன் பூட்டான்னா? அப்பயும் இதே கைதான்.

கோவம் வந்தா என் மேல காட்டு. என் ஒடம்புல வந்து எறங்கு. நான் பெரியவ, தாங்குவேன்.

இரு. உனக்கு ஏத்தி வச்ச வௌக்கத்தான் கிட்ட இஸ்துக்கறேன். வேற நெருப்பு இல்ல. அடுப்ப மூட்டினா எங்கம்மா எந்திரிச்சிக்கும்.

இல வதங்குது. யம்மா, இன்னா வாசன, ஊடு பூரா அடிக்குது. இதோ புழியறேன். பச்சையா வருது. தாயே, வாய தொற. தொற, கண்ணு. கசக்கும். முழுங்கிடு. துப்பாத. தாயே, தாயே, முழுங்கு...

ஐயோ. எங்கம்மா கண்ணு தொறந்து கீது.

எப்போலேர்ந்து முழிச்சிக்கினு கீதுன்னு தெரில. தவழ்ந்துக்கினே கிட்ட வருது. என் கைய இஸ்து மோந்து பாக்குது. அடிக்கப் போவுதுன்னு நான் கண்ண மூடிக்கினேன்.

"யாருக்குடி குடுத்த?"

"தாயிக்குத்தான்."

அடி வுழல. இவனுக்கு கொமட்டிக்கினு வந்துடுச்சி. ஒடம்பு வில்லு மாதிரி வளையுது. இருமறான். எங்கம்மா அவன கவுத்துப் போட்டு முதுகத் தட்டுது. கெட்டியா, கயிறு மாதிரி சளி வருது. முந்தானைய வாய்க்குள்ள வுட்டு இஸ்து எடுக்குது. மூச்சு இன்னும் வேகமாத்தான் கீது. ஆனா அந்தக் கட்டுமரச் சத்தம் கொஞ்சம் எறங்கி கீது. நெசமாவா, இல்ல எனக்கு அப்டித் தோணுதா?

"அக்கா, தண்ணி"ன்றான்.

எங்கம்மா அவன் நெஞ்சுல காத வச்சிக்கினு ரொம்ப நேரம் குந்தினு கீது. அப்பால வேப்பிலைக்குள்ள கைய வுட்டு மீதி இலைய எடுத்து, நான் புழிஞ்சிப் போட்டத விரலால அமுக்கிப் பாக்குது.

"இத்த சரியா வாட்டல நீ. பாதி சாறு இலையிலயே நின்னுபோச்சி. அடுத்தத நல்லா காட்டு."

காத்துல அணையாம வௌக்க எங்கம்மாதான் கைய வச்சி மறைச்சிக்கினு கீது.