முதுகுக் கொக்கிகள்

ராஜபாளையத்து நூல்மில்லில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவள் ஏசம்மாள். ஐம்பது வயது, தனிக்கட்டை. கனத்த மார்பு என்பதால் மாலையானால் நடுமுதுகு விண்விண்ணென்று தெறிக்கும். தோளில் பட்டை அழுந்திய தடம் சிவந்து கிடக்கும். அடுத்த வீட்டு மாரிச்செல்விதான் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனாள். அங்கே அப்ரோஸ் பேகம் அளவெடுத்து உள்ளாடை தைத்துக் கொடுப்பவள். அகலமான பட்டை, முதுகைத் தாங்கிப் பிடிக்கும் உயரமான பின்துணி, அதில் ஆறு கொக்கிகள்.

போட்ட அன்றே வலி பாதியாகக் குறைந்தது. ஒரே சங்கடம், அவள் வலது கை பின்னால் எட்டாது. காலையில் மாரிச்செல்வி வந்து மாட்டிவிடுவாள்.

நாலாம் நாள் ஏசம்மாள் சுவரைப் பார்த்து நின்றபடி, "ஏட்டி, வாரியா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று குரல் கொடுத்தாள். முதுகில் விரல்கள் பட்டன. ஆறு கொக்கிகளும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டன.

"கையென்ன இம்புட்டுச் சில்லுனு இருக்கு?" என்று திரும்பினாள். யாருமில்லை. கதவைத் திறந்து வைக்க மறந்திருந்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

மாரிச்செல்விக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நான் நேத்தே சோழபுரம் வந்துட்டேனே" என்றாள் மாரிச்செல்வி.

ஏசம்மாள் மில்லுக்குப் போகவில்லை. அந்த உள்ளாடையை அணிந்தபடியே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அப்ரோஸ் பேகம் முழுவதும் கேட்டாள், சிரிக்கவில்லை. பின்னால் தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை எடுத்தாள். அத்தனை நேரம் உடம்புச் சூட்டில் இருந்தும் கொக்கிகள் ஐஸ் போலிருந்தன.

"முன்னால கொக்கி வச்சுத் தாரேன்க்கா. பின்பக்கத்தை மூடித் தச்சிருவோம்."

அது வசதியாகத்தான் இருந்தது. ஏசம்மாளே மாட்டிக்கொண்டாள். ஒரு வாரம் யாரும் வரவில்லை. முதுகு நிமிர்ந்தது, பயமும் தெளிந்தது.

எட்டாம் நாள் காலை, கடைசிக் கொக்கியை மாட்டிவிட்டுச் சீப்பை எடுக்கக் கை நீட்டினாள். சீப்பைக் காணோம். அது அவள் பின்னந்தலையில் மெல்ல இறங்கியது.

ஓடத்தான் நினைத்தாள். அதற்குள் அந்தக் கை வகிடெடுத்தது; நோகாமல் சிக்கெடுத்தது; முடியை மூன்றாகப் பிரித்தது. பல வருஷமாக ஏனோதானோவென்று கொண்டையாகச் சுருட்டி வைத்திருந்த முடி.

ஏசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"நீ யாருன்னு கேக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "செத்த இறுக்கிப் பின்னு."

பின்னல் இறுகியது.