இன்னும் ஒரு கோடை

“நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா, வீபே?” என்று டாக்டர் ஹூக்ஸ்மா கேட்டபோது வீபே பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்.

“சாகறதா? எதுக்கு?” டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். “காப்பி இன்னும் இருக்கே.”

அவர் மனைவி சிட்ஸ்கேவுக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது. ஐம்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய மனுஷன், காலை வாரிவிட இன்றைக்குத்தானா நேரம் பார்த்தார்? காலையில் அவளிடம் ‘யாரும்மா நீங்க, சமைக்க வந்திருக்கீங்களா?’ என்று கேட்டவர். முந்தாநாள் செருப்பைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்தவர். அதில் கால்வாசியை டாக்டர் முன்னால் காட்டியிருக்கக் கூடாதா? தலையைப் படிய வாரிக்கொண்டு, சட்டைப் பித்தானெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஆளுக்கொரு பிஸ்கட் வைத்துவிட்டு அவள் வழக்கம்போல டப்பாவை மூடியிருந்தாள். வீபே தன்னுடையதைத் தின்று முடித்து, டாக்டரின் சாஸரில் இருந்ததையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேசைமேல் நீல உறை கிடந்தது. வீபேவின் அம்மா இதே மறதி நோய் முற்றி, பூட்டிய முதியோர் விடுதியில் ஆறு வருஷம் கிடந்து செத்தாள். அதற்கு மறுவாரம் இவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் உறைக்குள் இருந்தது. என் மனைவியை எனக்கு அடையாளம் தெரியாமல் போனால், என்னைப் பூட்டிய விடுதிக்கு அனுப்பும் நிலை வந்தால், டாக்டர் என் உயிரை முடித்துவிட வேண்டும். ஒன்பது வருஷம் ஆகிறது. நெதர்லாந்தின் அந்த ஃபிரீஸ்லாந்து ஊரில் அறுபது தாண்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இப்படி ஓர் உறை உண்டு. நகலை டாக்டரின் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, மூலத்தை பாஸ்போர்ட்டோடு அலமாரியில் வைத்தால் வேலை முடிந்தது, வேளை வந்தால் எடுத்து நீட்டினால் போதும் என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. சிட்ஸ்கேவும் அப்படித்தான் நம்பினாள்.

“திங்கக்கெழம வண்டி வருது, டாக்டர். அவங்க அம்மா கெடந்த அதே விடுதி. கதவுல நம்பர் பூட்டு. மூணு தடவ கால்வாய்ல எறங்கிட்டாரு, இனிமே வீட்ல வெச்சிக்க முடியாதுன்னு நீங்களேதான் சொன்னீங்க. அங்க மட்டும் தள்ளிடாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினவரு இவரு. இது அவரு கையெழுத்து இல்லையா?”

“அவர் கையெழுத்துதான். ஆனா காகிதம் ஊசி போடாது, நான்தான் போடணும்.” டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை, அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “சட்டம் செய்யலாம்னு சொல்லுது, செஞ்சே ஆகணும்னு சொல்லல. தாங்க முடியாம தவிக்கிறார்னு என் கண்ணுக்குத் தெரியணும். எனக்குத் தெரியறது பிஸ்கட் சாப்பிடற மனுஷன். கேட்டா எதுக்குங்கறார். அவர் கையைப் பிடிச்சு ஊசி ஏத்த என்னால முடியாது, சிட்ஸ்கே.”

“அப்ப இத எழுதின வீபேக்கு என்ன பதில் சொல்வீங்க?”

டாக்டர் வேறு வழிகளைச் சொல்ல ஆரம்பித்தார். இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம். நிமோனியா வந்தால் மருந்து கொடுக்க வேண்டாம் என்று விடுதிக்கு எழுதிக் கொடுக்கலாம். சாப்பிட மறுத்தால் யாரும் திணிக்க மாட்டார்கள். கடைசி நாட்களில் வலி தெரியாமல் தூங்க வைக்கலாம்.

“அதாவது, எப்படா சளி கட்டும்னு பாத்துட்டு உக்காந்திருக்கணும். ரொம்ப நல்லா இருக்கு!” உறையை அவர் பக்கம் தள்ளினாள். “இத வெச்சி நான் அடுப்பு மூட்டவா? காகிதம் மட்டும் பத்தாதுன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, புத்தி நல்லா இருக்கறப்பவே வந்திருப்பாரே!”

“வந்தார்.”

“யாரு?”

“வீபே. ரெண்டு வருஷம் முன்னாடி, ஏப்ரல்ல. தனியா, சைக்கிள்ல. எல்லாத்தையும் சொன்னேன். இப்பவேவா, இன்னும் நாள் இருக்கேன்னு தோணும்போதே ஊசியைக் கேட்டுடணும், அப்புறம்னு விட்டா கை நழுவிடும்னேன். அவருக்கு நல்லாப் புரிஞ்சுது. சட்டப்படி ரெண்டாவது டாக்டர் ஒருத்தர் வந்து பார்க்கறதுக்கு நாள்கூடக் குறிச்சோம்.” டாக்டர் வீபேவைப் பார்த்தார். “அப்புறம் போன் பண்ணினார். சிட்ஸ்கே இன்னும் ஒரு கோடை கேக்கறா, குடுத்துடறேன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் கேட்டுக்கிட்டார்.”

அந்த ஏப்ரலை அவள் மறக்கவில்லை. ‘இப்பவே போயிடட்டுமா?’ என்று அவர் கேட்டதும் உருளைக்கிழங்குக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். ‘இந்தக் கோடை மட்டும் இருந்துடு, வீபே. காகிதந்தான் இருக்கே, பாத்துக்கலாம்.’ அவர் அவளையே பார்த்தபடி சரி என்றார். ஒரே ஒரு சரி. படகில் போகலாம் என்று பெயிண்ட்கூட வாங்கினார்கள். கோடை முழுக்க மழை கொட்டியது. அடப் பாவி, அப்புறம் கேட்டாலும் ஊசி கிடைக்காது என்று தெரிந்தேவா கொடுத்தாய்? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் அந்தக் கோடையைக் கேட்டிருப்பேனா? அப்போதும் கேட்டிருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. உலுக்கினாலும் அந்த ஏப்ரலில் சரி சொன்ன ஆள் அங்கே இல்லை. விரலால் சாஸரிலிருந்த துகளைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தார்.

“வெளிய போங்க, டாக்டர்,” என்றாள். “இதுக்கு மேல இருந்தீங்கன்னா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது.”

டாக்டர் எழுந்ததும் வீபேவும் எழுந்தார். விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுவது மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. பிப்ரவரிக் காற்றில் வெறும் சட்டையோடு வேலிக்கதவு வரை போய்க் கை குலுக்கினார். கார் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்று தெருவைப் பார்த்தார். இரண்டு தடவை இருமினார்.

சிட்ஸ்கே அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நிமோனியா வந்தால் மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கல்பாதையில் நின்றாள். ஓர் அடி வைக்க முடியவில்லை, திரும்பி உள்ளே போகவும் முடியவில்லை.

வீபே திரும்பினார். அவளைப் பார்த்ததும் பதறிப்போய் வந்தார்.

“என்னம்மா, இந்தக் குளிர்ல இப்படி நிக்கிறீங்க?” அவள் கையிலிருந்த கோட்டை வாங்கி, உதறி, அவள் தோளில் போர்த்தினார். கழுத்துப் பித்தானைப் போட அவர் விரல்கள் தடுமாறின. ஆனாலும் விடாமல் போட்டு முடித்தார். “வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுக்காரர் தேடப்போறாரு.”

சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். காற்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் போகட்டும் என்று, மரியாதையாக, காத்துக்கொண்டு நின்றார்.